மண்ணை வடிகட்டச் சொன்னவர்களுக்கு

போன ஞாயிறு, மதுரையில் நாங்கள் மாதம் ஒருமுறை கடை போடும் கைவினைச் சந்தையில், மண்சட்டி விற்கிற எனக்கு 24-வது தடவை. நான் எண்ணவில்லை, பக்கத்து மேசையில் வரகு முறுக்கு விற்கிற அக்காதான் விரல் மடக்கிப் பார்த்து, "ரெண்டு வருஷம் ஆச்சுடி" என்றார். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். முதல் சந்தைக்காக அடகு வைத்த வளையலை மீட்டாயிற்று, விறகுக்காரருக்குப் பாக்கி இல்லை. ஆனால் இத்தனை பேரை இத்தனை நாள் படுத்தி எடுத்தேனே, அவர்களிடம் ஒழுங்காக ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. அதற்குத்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை, போட்டால் ஐயா கோபித்துக்கொள்வார். உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் மானாமதுரை ஐயா. நான் மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் பிறந்தவள் இல்லை, 12 வருடம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டவள். மண்சட்டி செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று போய் நின்றபோது மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயில்ல நிப்பியா தாயி?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் மூன்று மாதம் சக்கரத்தைத் தொட விடவில்லை. கண்மாய் மண்ணோடு மணலைக் கலந்து காலால் மிதிக்க வேண்டும், குதிகாலில் சின்னக் கல் தட்டுப்பட்டால் குனிந்து பொறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான் பாடம். யூடியூப்பில் எல்லோரும் முதல் நாளே சக்கரத்தில் உட்காருகிறார்களே என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே மிதித்தேன். 2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "நல்லது தாயி, விறகு விலை குறையுமா?" என்றார்.

ஐயா வீட்டம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கரத்திலிருந்து இறங்கும்போது சட்டிக்கு அடி கிடையாது, சந்தையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கழுத்தும் விளிம்பும் சக்கரத்தில் வரும், நூலால் அறுத்து இறக்கி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்கு நிழலில் உலரவிட்டு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். உள்ளே இருக்கிற கல் கண்ணுக்குத் தெரியாது. பலகை அந்தக் கல்லுக்கு நேராக விழுகிறதா, தள்ளி விழுகிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அம்மா இதைச் செய்துகொண்டே பேரனை அதட்டுவார், நேற்றைய டிவி சீரியலின் கதையைச் சொல்வார், ஒரு அடி பிசகாது. நான் தட்டினால் ஓட்டை. என் முதல் 11 சட்டிகளின் ஓட்டையை மூடிக் கொடுத்தது அவர் கைதான். அந்தச் சட்டிகளை "கையால் செய்தது" என்று அட்டை வைத்து விற்றேன். பொய்யில்லை, ஆனால் யார் கை என்று அதில் எழுதவில்லை.

அவர்கள் மருமகளுக்கு நான் ஒரு முழு ராத்திரி கடன். தீபாவளிச் சந்தை நெருங்குகிறது, ஐப்பசி மழை, டம்ளர்கள் சரியாகக் காயவில்லை, இருந்தாலும் சூளையில் அடுக்கச் சொல்லி அவசரப்படுத்தியது நான்தான். ஈரம் உள்ள மண்ணில் தீயைச் சட்டென்று ஏற்றினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி, போக வழியில்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பத்து மணிக்குச் சூளைக்குள் டொப், டொப் என்று பட்டாசு ஆரம்பித்தது. அவர் எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தென்னை மட்டையை மட்டும் லேசாகப் புகையவிட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தார். நான் சீமைக்கருவேல முள் குத்திய காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதுதான் என் உதவி. 80 டம்ளரில் 46 தேறியது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் அந்த ரிட்டயர்டு டீச்சர். மூன்றாவது சந்தையில் ஆறு டம்ளர் வாங்கிப் போனவர், அடுத்த மாதம் அதில் இரண்டைத் தினத்தாளில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். திட்டவில்லை. டம்ளரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, "இது என்னம்மா?" என்றார். பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, பள்ளத்தின் நடுவில் மாவு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயாவிடம் காட்டினேன், நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சுக்கான் கல்லு. மண்ணைக் கரைச்சு வடிகட்டினியா? இல்லேல்ல, அப்புறம் என்ன" என்றார். அந்தச் சுண்ணாம்புத் துணுக்கு சூளையில் வெந்து நீற்றாத சுண்ணாம்பாகிவிடும், பிறகு காற்றிலிருக்கிற ஈரத்தை மெல்ல உறிஞ்சிப் பருத்து மேல் மண்ணைத் தள்ளிவிடும். விற்கும்போது பழுது தெரியாது, வாங்கினவர் வீட்டு அலமாரியில்தான் தெரியும். அந்த மூன்று மாதக் குதிகால் பாடம் எதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. டீச்சர், நீங்கள் அதைக் குப்பையில் போட்டுவிட்டு இனி இவளிடம் வாங்கக் கூடாது என்று இருந்திருந்தால் நான் இன்னும் வடிகட்டாமலே விற்றுக்கொண்டிருப்பேன். மீதி நான்கும் தெறித்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில்தான் கீழடி விலக்கு. அருங்காட்சியகம் திறந்த பிறகு ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, ஒரே பானையில். காற்றுப் பட்டு வெந்தால் மண்ணிலிருக்கிற இரும்பு சிவக்கும், காற்றில்லாமல் புகையில் வெந்தால் கறுக்கும் என்று ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் இரண்டும் ஒன்றிலேயா? திரும்பிப் போய் அவரை நச்சரித்து, கிண்ணங்களுக்குள் உமியை அடைத்துக் கவிழ்த்து வைத்துச் சுட்டோம். வந்தது. (சரி, பத்தில் நாலு வந்தது.) அங்கே பார்த்த இன்னொன்று, ஓட்டில் கீறியிருந்த "ஆதன்" என்கிற பெயர். யாருடைய பானையோ, பெயர் நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் அம்மாவோடு சேர்ந்து செய்கிற சட்டிகளின் அடியில் இரண்டு குறி இருக்கும், ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது. திருப்பிப் பாருங்கள்.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் முள்ளாக இருப்பது அதுதான். ஐயா வீட்டு வாசலில் ஒரு குழம்புச் சட்டி 120 ரூபாய். அதே அளவுச் சட்டி என் மேசையில், சணல் துணி விரித்து நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றால், 350. மேசை வாடகை, ஆட்டோ, வழியில் உடைவது எல்லாம் கழித்தாலும் இடைவெளி இடைவெளிதான். அவரிடம் சொன்னபோது சிரித்தார், "உடையாமக் கொண்டுபோய் பேசி விக்கிறியே, அதுக்குக் கூலி இல்லையா?" என்றார். அவர் சிரித்துவிட்டார் என்பதற்காக அது சரியாகிவிடாது. இந்தத் தை மாதத்திலிருந்து அவர்கள் சட்டியும் அவர்கள் பெயரோடு என் மேசையில் அதே 350க்கு இருக்கிறது, பணம் முழுக்க அவர்களுக்கு. இதைத் தாராளம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், இரண்டு வருடம் தாமதமாகச் செய்தது.

முறுக்கு அக்காவையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். முதல் சந்தையில் மதியம் வரை ஒன்றும் போகவில்லை என்று 180 ரூபாய் டம்ளரை 100க்குத் தரப் போனேன். அக்கா எட்டி என் கையைப் பிடித்தார். "நீ குறைச்சா அவங்க ஊர்ல வித்துட்டிருக்காரே, உன் ஐயா, அவர் இன்னும் குறைக்கணும். பேசாம நில்லு." நின்றேன். சாயங்காலம் ஏழு டம்ளர் போனது. விற்றுத் தருகிறேன் என்று 30 சட்டியை வாங்கிப் போட்டுவிட்டு ஆறு மாதம் காசு தராமல் இழுத்த கடையும் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதினால் மடலின் நிறம் மாறிவிடும், வேண்டாம்.

லோடு ஆட்டோ அண்ணன், சட்டிகளுக்கு இடையில் வைக்கோலும் பனியன் வேஸ்ட்டும் திணித்து அடுக்கக் கற்றுக்கொடுத்ததற்கும், வேகத்தடை வந்தால் "புடிச்சுக்கங்க!" என்று சட்டிகளைப் பார்த்துச் சத்தம் போடுவதற்கும் நன்றி. வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024ல் அரசு மாற்றியபோது, ஐயாவுக்காக அந்த மனுவை நிரப்பிக் கொடுத்த தெருக்கோடி ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும். வீட்டு ஓனர் அண்ணாச்சிக்கு நன்றியை விட மன்னிப்புதான் சரி. சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி மூன்று வீட்டுக் குழாயை அடைத்தது நானேதான், கீழ் வீட்டார் இல்லை. இப்போது வாளியில் தெளியவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.

கடைசியாக, போன சந்தையில் தயிர்ச் சட்டி கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துப் போன விரகனூர் அக்காவுக்கு: சட்டி நேற்று சூளையிலிருந்து இறங்கிவிட்டது. அடியில் ஒரு பக்கம் புகை ஏறிக் கறுத்திருக்கிறது, பயப்பட வேண்டாம், தட்டிப் பார்த்தேன், கிண்ணென்றுதான் இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டு அப்புறம் பால் உறை ஊற்றுங்கள். மூடி நாளை மறுநாள்தான் ஆறும்.