கூரை விளிம்பைப் படம் எடுத்து அனுப்பு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். உன் சுகத்துக்கும் முறிகண்டிப் பிள்ளையாரைத்தான் வேண்டிக்கொள்கிறோம். வாங்கிக் குடியிருக்கலாம் என்று நீ பார்த்து வைத்திருக்கிற பழைய வீட்டு வண்டிகளின் படங்கள் எல்லாம் வந்தன. அம்மா அடுப்பையும் மெத்தையையும் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தா. நான் கூரை விளிம்பைத் தேடினேன். ஒரு படத்திலும் அது இல்லை. விற்கிறவன் எடுத்துக் கொடுத்த படம் அப்படித்தான் இருக்கும்.

போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வண்டிக்குள் குடியிருப்பது சரியோ பிழையோ என்று கதைக்க வரவில்லை. சில மாதத்துக்கு ஒருக்கால் வேலைக்கு ஊர் மாறுகிறவளுக்கு, அந்த நாட்டு அறை வாடகைக்கு, அதில் நியாயம் இருக்கிறது. "லண்டனுக்குப் போயும் வானுக்குள்ளயோ குடியிருக்கிறாள்?" என்று மாமிமார் கேட்பினம். கேட்கட்டும். வாடகை கட்டப்போவது அவையள் இல்லை.

நீ இஞ்சினைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறாய். எத்தனை மைல் ஓடியது, ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, எல்லாம் கேட்கவேண்டியதுதான். ஆனால் இருபது வயது தாண்டிய வண்டியில் இஞ்சின் சின்னக் கவலை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஏ-40 கார் ஓட்டிய ஊர் இது. புகையும், இருமும், ஓடும். டுக்காட்டோ வான் இஞ்சின் பிழைத்தால் அதற்குச் சாமானும் இருக்கிறது, கழற்றிப் பூட்ட ஆளும் இருக்கிறது. பின்னால் கட்டியிருக்கிற வீடு உக்கினால் அதைத் திருத்தும் கூலி வண்டி விலையையே தாண்டிவிடும். பரந்தனில் லொறிக்குப் பொடி, அதுதான் பின்பெட்டி, அடித்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், நீ வாங்கப்போவது முதலில் ஒரு மரப்பெட்டி.

நீ காட்டிய 2004 ஆம் ஆண்டு வண்டி மாதிரியானவற்றில் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே சில மில்லிமீற்றர் பிளைவூட், நடுவில் றெஜிபோம் நுரைத்தகடு, அதைத் தாங்க பைன் சட்டம். நாங்கள் போடுகிற முதிரையோ பாலையோ இல்லை. முதிரை எத்தனை மாரி நனைந்தாலும் நிற்கும். அந்தச் சட்டத்துக்குள் தண்ணீர் போனால் தேத்தண்ணிக்குள் தோய்த்த பாண்தான். வெளித்தகடு பளபளவென்றே இருக்கும், உள்ளே சட்டம் கையோடு வரும்.

தண்ணீர் நடுத்தகட்டால் இறங்காது, பொருத்துகளால்தான் இறங்கும். கூரையும் சுவரும் சந்திக்கிற விளிம்பு, கூரை யன்னல், வெளியே வெயில்மறைப்புப் பூட்டுகிற தண்டவாளம், சாரதி தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிற படுக்கையின் முன்மூலை, பின்பக்கக் கீழ்மூலை. இந்த இடங்களுக்கு மெத்தையைத் தூக்கு, அலுமாரியைத் திற, ரோச் அடி. பெருவிரலால் அழுத்து. நல்ல பலகை விரலைத் திருப்பித் தள்ளும், உக்கினது உள்ளே வாங்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நகர். "டக், டக்" என்று வந்த சத்தம் ஓரிடத்தில் "பொத்" என்று மாறினால் அந்த இடத்தை மறக்காதே. வாசற்படிக்கு உள்ளே நிலத்தில் குதிக்கால் ஊன்றி நட, மெத்தென்று இறங்கக்கூடாது. சுவருக்குப் புதுத்தாள் ஒட்டியிருந்தாலோ, பழைய விளிம்பில் வெள்ளைச் சிலிக்கன் புதிதாய் இழுத்திருந்தாலோ, உள்ளே வாசம் அடித்து வைத்திருந்தாலோ, ஏன் என்று கேள். மூக்கையும் நம்பு. பூஞ்சண மணத்தை எந்த வாசமும் முழுக்க மறைக்காது.

ஈரம் அளக்கும் மீற்றர் ஒன்று வாங்கு அல்லது இரவல் எடு. 15 வீதத்துக்குக் கீழே காட்டினால் பயமில்லை. 20ஐத் தாண்டினால் காரணம் தெரியாமல் விலை பேசாதே. மழை நாளில் போய்ப் பார். உங்கட நாட்டில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

"எம்ஓரி பாஸ் பண்ணியிருக்கு", அதுதான் அந்த நாட்டு வருடாந்த வண்டிச் சோதனை, என்று விற்கிறவன் சொல்வதில் பொய் இருக்காது. ஆனால் அது பிரேக், ஸ்ரியரிங், லைற், ரயர், சசி என்கிற அடிச்சட்டத்தின் கறள் என்று றோட்டில் ஓடுவதற்கானதைத்தான் பார்க்கும். சுவர் உக்கினதையோ அடுப்புக்குக் காஸ் போகிற குழாயையோ பார்க்காது. அதற்குத் தனியாக ஆள் வைத்துச் சோதிக்கவேண்டும், காசைப் பார்க்காதே. ஆனாலும் வண்டி நம்பரைப் போட்டு இணையத்தில் பழைய எம்ஓரி முழுவதையும் வாசி, அது இலவசம். ஒரே கறளை மூன்று நாலு வருடமாக எழுதிக்கொண்டு வந்திருந்தால் சொந்தக்காரன் எப்படிப்பட்டவன் என்று விளங்கும். ரயரின் பூவைப் பார்த்து ஏமாறாதே. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்; 2316 என்றால் 2016 இன் 23ஆம் வாரம் செய்தது. நின்ற நிலையிலேயே கிழடாகிற ரயர்கள் இவை.

மற்றது, அந்த ஸ்பிரின்ரர் வான். யாரோ தன் கையால் வீடாக்கியது. இரும்புக் கூடு என்பதால் பெட்டி வண்டி அளவுக்குப் பொருத்துகள் இல்லை, எனக்கு அதில்தான் மனம் போகிறது. ஆனால் அந்த முதல் தலைமுறை ஸ்பிரின்ரர் கறளுக்குப் பேர்போனது. சில்லு வளைவு, கதவின் அடி, படி, எல்லாம் குனிந்து பார். மின்சார வயரைத் தானே இழுத்தேன் என்று பெருமையாகச் சொன்னால், பியூஸ் எங்கே என்று கேள். பதில் சுணங்கினால் வீட்டுக்கு வா.

பாரத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. உன் லைசன்ஸ் 1997க்குப் பிறகு எடுத்தது, 3,500 கிலோதான் ஓட்டலாம். அது வெறும் வண்டியின் நிறை இல்லை, நீ, தண்ணீர், காஸ், உடுப்பு, சட்டிபானை எல்லாம் ஏறின பிறகு வரவேண்டிய உச்சம். நூறு லீற்றர் தண்ணீரே நூறு கிலோ. பெரிய வண்டிகள் பலவற்றில் வெறும் நிறை போகச் சில நூறு கிலோதான் மிஞ்சும். லீவுக்குப் போகிறவனுக்குக் காணும். குடியிருக்கிறவளுக்குச் சாமான் நாளுக்கு நாள் கூடும்.

இதை நான் சொல்லித் தெரியவேண்டியவள் இல்லை நீ. 2008 கடைசியில் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது ரக்ரர் பெட்டிக்குள் ஓடு, கதவு நிலை, கூரைத்தகரம், தையல் மெசின், நெல் மூட்டை எல்லாம் ஏற்றினோம். நீ மூட்டைக்கு மேலே படுத்திருந்தாய். தருமபுரத்தில் ஓட்டை இறக்கினோம். விசுவமடுவில் கதவு நிலை. உடையார்கட்டில் தையல் மெசினை இறக்கும்போது அம்மா மற்றப் பக்கம் திரும்பி நின்றா. கடைசிவரை இறக்காதது தண்ணீர்க் கானும் தறப்பாளும் மண்வெட்டியும். உன்னுடைய பயணம் அப்படிப்பட்டது இல்லை, நீயாகத் தெரிந்து போகிறாய். ஆனாலும் வாங்க முன்னம் கொண்டுபோகப்போகிற சாமானை ஒரு கடதாசியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிறை போட்டுக் கூட்டு. வாங்கின பிறகு எல்லாம் ஏற்றி, லொறி நிறுக்கிற தராசில் ஒருக்கால் ஏற்று.

குளிருக்குக் காஸ் வாங்கும்போது புரொப்பேன் எடு. பியூட்டேன் சுழியத்தை அண்டினாலே ஆவியாகாமல் சிலிண்டருக்குள் கிடக்கும். புரொப்பேனுக்கு -42 பாகைவரை பயமில்லை. அடுப்பைக் கொளுத்திக் குளிர்காயாதே. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரையில் தெரியவே தெரியாது. அதற்கான அலாரம் ஒன்று படுக்கைக்குக் கிட்ட இருக்கவேண்டும். இதில் மட்டும் அப்பா கெஞ்சியும் கேட்பேன்.

இனி லண்டன். ஹரோவில் இருக்கிற சித்தியிடம் ஒவ்வொரு ஞாயிறும் போவேன் என்கிறாய். 2023 ஓகஸ்ட்டில் இருந்து லண்டன் முழுக்க, புகை கூடின வண்டிகளுக்கு வாங்குகிற அந்தப் புகைக் கட்டணம் இருக்கிறது. டீசல் என்றால் யூரோ 6 என்கிற புகைத் தரம் வேண்டும், 2004 வண்டி அதற்குக் கிட்டவும் வராது. 3,500 கிலோவுக்கு உட்பட்டதென்றால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு ரெயினில் போ.

வண்டிப் புத்தகத்தில் பேர் இருப்பவன்தான் சொந்தக்காரன் என்று நினைக்காதே, அந்தப் புத்தகமே அப்படி இல்லை என்று சொல்கிறது. கடன் நிலுவை இருக்கிறதா, களவு வண்டியா என்று காசு கட்டிப் பார். சசி இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். இன்சூரன்ஸ்காரனிடம் முழுநேரமும் இதில்தான் இருப்பேன் என்று உள்ளதைச் சொல். லீவு வண்டி என்று எடுத்த இன்சூரன்ஸ், குடியிருக்கிறாய் என்று தெரிந்தால் கைவிடும். அவர்களுக்கும் லைசன்ஸுக்கும் டொக்டருக்கும் நிலையான விலாசம் ஒன்று வேண்டும். நீ வண்டியை விட்டு நிற்பேன் என்கிற முகாம்களில் சிலது குளிர்காலத்தில் பூட்டுவதும் உண்டு, அதையும் கேட்டு வை. விலாசத்துக்குச் சித்தியைக் கேள். கேட்க வெட்கப்பட்டால் நான் கேட்கிறேன்.

சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகும்போது வீடியோவில் எடு. முன்மூலை, பின்மூலை, கூரை யன்னலைச் சுற்றி, நிலம். மெதுவாக எடு, தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கவேண்டும். நான் பார்த்துச் சொல்லும்வரை முற்பணம் கொடுக்காதே. "வேறு ஆளும் கேட்கிறார்" என்று அவன் சொல்வான், லொறி விற்கிறவனும் இங்கே அதைத்தான் சொல்வான்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்துப் பொதி கட்டி வைத்திருக்கிறா. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்கிறா.

அன்புடன்,
அப்பா