முதியோர் விழாமல் காக்கச் செய்முறைப் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவியில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கு, முதியோர் விழுவதைத் தடுக்கும் பயிற்சியைச் செய்முறையாகவே தர வேண்டும். ‘பார்த்து நடங்க பாட்டி’ என்று சொல்லப் பணியாளர் எதற்கு?

முதியவரை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்ல வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் இடம் போதாது; வெளியே சமதளம் பார்த்துக் கோடு போடலாம். வழக்கமான செருப்பு, கைத்தடியோடு நடக்கட்டும். பணியாளர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஆனால் கைகொடுத்துத் தூக்கிவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

பிரஷரை உட்காரவைத்து ஒருமுறை மட்டும் அளந்தால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்குக் காரணம் பிடிபடாது. 5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுந்து நின்ற 1, 3ஆம் நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், பிரஷர், தூக்க மாத்திரைச் சீட்டுகளோடு டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வேலை பணியாளருடையது அல்ல.

அடுத்து மோரி, அதாவது வீட்டுக்குள் குளிக்கவும் கழுவவும் உள்ள மூலை. சோப்புத் தண்ணீர் தேங்கும் தரையைத் தேய்த்துக் கழுவி, சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தலாம். துண்டு காயப்போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. பிளைவுட் தடுப்பில் முடுக்கினால் பிய்த்துக்கொண்டு வரும். செங்கல் சுவர்தான் சரி. செங்குத்தான இரும்பு ஏணியேறி மேலே படுப்பவர்களைக் கீழே படுக்கவைக்கக் குடும்பத்தாரிடம் பேசுவதுதான் கடினம், இடநெருக்கடி அப்படி. அதற்கும் பயிற்சியில் நேரம் ஒதுக்குங்கள்.

– முதியோர் நலனில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட்டுகள், மும்பை