மக்காச்சோளம் எல்லை தாண்ட வேண்டும்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் வாழ்த்தை அவளிடம் சொல்.

ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். மழை எங்கே பெய்கிறது, எங்கே பொய்க்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி வறளும். கென்யாவிலும் வட தான்சானியாவிலும் பெரும்பாலும் மழை கூடும். அந்த நீர் குளிரும் லா நினா வந்தால் தலைகீழ். 2020 முதல் 2022 வரை கிழக்கு ஆப்பிரிக்கக் கொம்பில் தொடர்ந்து ஐந்து பருவங்கள் மழை பொய்த்தது அப்படித்தான். வடக்கும் தெற்கும் ஒரே ஆண்டில் சேர்ந்து காய்வது அரிது. ஆகவே ஒரு பக்கம் விளைந்த தானியம் மறுபக்கம் போய்ச் சேர்ந்தாலே பஞ்சத்தின் கடுமை பாதி குறையும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, லாரி எல்லையைக் கடந்தால் போதும்.

2024-ஐ எடுத்துக்கொள். பிப்ரவரியில் ஜாம்பியா, மார்ச்சில் மலாவி, ஏப்ரலில் ஜிம்பாப்வே என்று வரிசையாக வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார்கள். அதே ஆண்டு தான்சானியாவின் அரசுக் கிடங்குகளில் மக்காச்சோளம் மிஞ்சியிருந்தது. ஜாம்பியாவுக்கு 6.5 லட்சம் டன் விற்க ஒப்பந்தம் போட்டார்கள். 30 டன் ஏற்றும் லாரிகளில் அனுப்பினால் 21,000 நடைக்கு மேல் ஆகும். இந்த இரு நாடுகளும் சந்திக்கும் துண்டுமா–நகோண்டே எல்லையில் சாதாரண நாளிலேயே லாரிகள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். இரு நாட்டுச் சோதனையையும் ஒரே வளாகத்தில் முடிக்க ஏற்பாடு இருந்தும் இந்த நிலை.

இங்கே சுங்கவரி பிரச்சினையே இல்லை என்பதைக் கவனி. 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தாகி, 2021 ஜனவரியில் வணிகம் தொடங்கிய கண்ட ஒப்பந்தத்தின்படி 90 சதவீதப் பொருள்களுக்கு வரி படிப்படியாக நீங்க வேண்டும். மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு அதற்குப் பத்து ஆண்டு அவகாசம், மற்றவற்றுக்கு ஐந்து. ஆனால் தான்சானியாவும் ஜாம்பியாவும் ஏற்கெனவே தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மேம்பாட்டுச் சமூகத்தின் தடையற்ற வணிகப் பகுதியில் இருப்பவை. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று பார்க்கும் பிறப்பிட விதியிலும் சிக்கல் இல்லை, வயலில் விளைந்த தானியம் முழுக்க அந்நாட்டுப் பொருள்தான். பேச்சுவார்த்தை மேசையில் வரி விகிதத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பரிசோதனைச் சான்றிதழ்களுக்குக் கொடுத்திருந்தால் இன்று கூடுதல் பலன் கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காகிதங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி. அதில் என்ன நோய், என்ன பூச்சி இல்லை என்று உறுதி தர வேண்டும் என எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகே விற்கும் நாட்டில் தாவரநலச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்தில் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டால், கேட்ட உறுதிமொழி அதில் இல்லாமல் எல்லையில் சரக்கு நிற்கும். பிறகு பூச்சி கொல்லப் புகைமூட்டியதற்கான சான்று, பிறப்பிடச் சான்று, தரச் சான்று, சில ஆண்டுகளில் ஏற்றுமதி அனுமதியும் கூட. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. வரிசையில் நிற்கும்போதே ஒன்று காலாவதியானால் அதைப் புதுப்பித்த பிறகுதான் வண்டி நகரும்.

இதில் அதிகம் தகராறு கிளப்புவது, பூஞ்சையால் தானியத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் தர விதிப்படி மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 5-ஐத் தாண்டக் கூடாது, ஈரப்பதம் 13.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் இதைக் காரணம் காட்டித்தான் கென்யா உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தைத் தடுத்தது. சில நாள்களில் நிபந்தனைகளோடு திறந்துவிட்டது. நச்சு உண்மையானது, தடையை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது சரக்கு முழுதும் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான மணிகளில் ஓரிரண்டில் மிகக் கடுமையாக இருக்கும். இரண்டு மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்த மாதிரி தேறும், அதே லாரியின் வேறு மூட்டை தேறாது. அனுப்பும் ஊரில் ஒரு முடிவு, எல்லையில் வேறு முடிவு என்று வருவதற்குப் பெரும்பாலும் மோசடி காரணமல்ல, மாதிரி எடுத்த விதம்தான். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, ஒன்றாகக் கொட்டி, முழுவதையும் அரைத்து, கலந்து, பிறகே சோதனைக்கு அளவெடுக்க வேண்டும். இரு நாட்டு ஆய்வகங்களும் இந்த ஒரே முறையைப் பின்பற்றி ஒன்றன் முடிவை மற்றது ஏற்றுக்கொண்டால் எல்லையில் மறுசோதனை தேவைப்படாது.

வறட்சிக்கும் இந்த நச்சுக்கும் நேரடி உறவு உண்டு. கதிர் முற்றும் நேரத்தில் வெயிலும் நீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் வயலிலேயே பூஞ்சை ஏறும். தானியம் அதிகம் தேவைப்படும் ஆண்டில் சோதனையில் தோற்பதும் அதிகமாகிறது. அறுவடைக்குப் பிறகு செய்யக்கூடியது, வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காயவைப்பது. ஈரமானி இல்லாத கிராமத்தில் காய்ந்த உப்பையும் மணியையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குகிறார்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். 13.5-க்கு இறங்கியதா என்று இது சொல்லாது, அதற்குக் கருவிதான் வேண்டும்.

நோய்க்காக மூடுவதும் உண்டு. 2023 டிசம்பரில் மலாவி, மக்காச்சோளக் கொடுநசிவு நோய்க்கு அஞ்சி கென்யா, தான்சானியா மணிகளைத் தடுத்தது. மாவாக அரைத்து வந்தால் அனுமதி. விதைக்கக்கூடிய மணி நோயைக் கொண்டுவரும் என்பதால் இது நியாயமான வழி. மரபணு மாற்றப் பயிர் விஷயத்திலும் 2002-ல் மலாவியும் ஜிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் அரைத்த உணவு உதவியை ஏற்றன, ஜாம்பியா அதையும் மறுத்தது. எல்லைக்கு அருகே அரைவை ஆலைகள் இருப்பது பஞ்ச காலத்தில் பெரும் உதவி.

எனக்குக் கோபம் வருவது ஏற்றுமதித் தடையில்தான். அண்டை நாட்டில் விலை ஏறியதும் அரசு பதறி வாயிலை மூடுகிறது. உழவருக்கு விலை விழுகிறது, அடுத்த பருவம் அவர் குறைவாக விதைக்கிறார். தானியமோ இரவில் சைக்கிளில் கடந்துவிடுகிறது. உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் முன்னறிவிப்பைக் கேட்கிறது, ஆனால் அந்த உணவின் நிகர ஏற்றுமதியாளராக இல்லாத வளரும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. அந்த ஓட்டையை ஆப்பிரிக்கக் கண்ட ஒப்பந்தம் அடைக்க வேண்டும், குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்போடு.

இனி உன் துறையான பயிர்க் காப்பீடு. அரசுகளுக்கே வறட்சிக் காப்பீடு தரும் ஆப்பிரிக்க இடர் காப்பு அமைப்பு, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கீழ் 2012-ல் தொடங்கியது. எல்லா நாட்டிலும் ஒரே ஆண்டில் வறட்சி வராது என்பதே இதற்கும் அடிப்படை. பல நாடுகள் ஒரே நிதியில் சேர்ந்தால் தனித்தனியே வைக்க வேண்டியதைவிடக் குறைந்த முதலீடு போதும். 2014-ல் தொடங்கிய காப்பீட்டின் முதல் ஆண்டிலேயே மொரிட்டானியா, நைஜர், செனகல் மூன்றுக்கும் சேர்த்து 2.6 கோடி டாலர் வந்தது. செயற்கைக்கோள் மழைக் கணக்கிலிருந்து பயிர் எவ்வளவு காய்ந்தது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று மென்பொருள் கணிக்கிறது. குறித்த எல்லையைத் தாண்டினால் பணம் அரசுக்குப் போகும். அதை எப்படிச் செலவிடுவது என்ற திட்டத்தை முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

மலாவியில் 2016-ல் இது தவறியது. லட்சக்கணக்கானோர் பசியில் இருந்தபோது கணினி பாதிப்பு குறைவு என்றது. கணினியின் கணிப்பு மாதிரியில் நீண்ட நாள் ரகம் பதிவாகியிருந்தது, உழவர்களோ 90 நாள் ரகத்துக்கு மாறியிருந்தார்கள். அந்தக் குறுகிய காலத்தில் விழுந்த மழை இடைவெளியைக் கணிப்பு மாதிரி கவனிக்கவில்லை. திருத்திய பிறகு சுமார் 81 லட்சம் டாலர் கிடைத்தது, ஆனால் பேரிடர் அறிவித்து பல மாதங்கள் கழித்து.

அங்கே இந்தியாவில் நீங்கள் அறுவடைச் சோதனை செய்து விளைச்சலை அளந்து இழப்பீடு தருகிறீர்கள். இங்கே ஆப்பிரிக்காவில் எல்லா மாவட்டத்திலும் அதைச் செய்யப் பணமில்லை. செயற்கைக்கோள் கணக்கைச் சரிபார்க்க மட்டும் என்றால், மாவட்டத்துக்குக் குறைந்தது எத்தனை சோதனை போதும் என்று நினைக்கிறாய்? எந்த ரகம் விதைத்தார்கள் என்பதை யார் பதிவு செய்கிறார்கள், எந்த மாதம்? இந்த இரண்டுக்கும் விவரமாக எழுது. ஐரோப்பாவின் கரிம எல்லை வரி பற்றி நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்