தற்குறிக்கு, எட்டு மாதம் கழித்து

அன்புள்ள தற்குறி,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் வாசு இதற்குள் தண்டோரா போட்டிருப்பான். உன் நாவலின் பிரதி வந்து எட்டு மாதமாகிறது. "படித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று மூன்று முறை சொன்னேன், மூன்றும் பொய். போன வாரம்தான் கையில் எடுத்தேன், இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன்.

சரி, திட்டிலிருந்து தொடங்குகிறேன். முதல் அத்தியாயத்தில் மட்டும் 41 'போல'. பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். பஞ்சு போல மேகம், நிலவு போல முகம், பாம்பு போல வளைந்த பாதை. ஒரு பக்கத்தில் மௌனம் பாறை போலக் கிடக்கிறது, அடுத்த பக்கத்தில் அதே மௌனம் பனி போல உருகுகிறது. அட, ஏதாவது ஒன்றை முடிவு செய்து தொலையேன்!

நம் தமிழ் ஐயா மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாரே, உவமை தோன்றும் இடம் நான்கு என்று தொல்காப்பியர் சொல்கிறார், வினை, பயன், மெய், உரு என்று. உன் நாற்பத்தொன்றையும் அந்த நான்கில் பிரித்துப் பார்த்தேன், வேலையற்றவன் என்று சிரிக்காதே. முக்கால்வாசிக்கு மேல் மெய்யும் உருவும்தான், வடிவமும் நிறமும். வினையில் பிறந்தவை ஐந்தோ ஆறோ. ஒரு பொருள் பார்க்க எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறாய், அது என்ன செய்கிறது என்று சொல்வதில்லை.

அந்தக் கோபத்தில் குறுந்தொகையைப் புரட்டினேன். செம்புலப் பெயல்நீரை விட்டுவிடுவோம், எல்லோரும் எடுத்தாண்டு தேய்த்தாயிற்று. 131ஆம் பாட்டைப் பார். காதலி இருக்கும் ஊரோ தொலைவில், போகும் வழியோ கடினம், இவன் நெஞ்சு மட்டும் பறக்கிறது. எப்படி? மழை பெய்து ஈரம் பதமாக இருக்கிறது, நிலம் காய்வதற்குள் உழுதாக வேண்டும், இருப்பதோ ஒரே ஒரு ஏர். அந்த ஓர் ஏர் உழவன் எப்படித் தவிப்பானோ அப்படி. எழுதியவரின் இயற்பெயர் போய்விட்டது, ஓரேருழவனார் என்று அந்த உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் இப்படித்தான். அவளிடம் திரும்பு என்கிறது நெஞ்சு, எடுத்த வேலையை முடி என்கிறது அறிவு, நடுவில் இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிறாக உடம்பு.

இன்னொன்று கவனித்தாயா? ஓரேருழவனார் பாட்டின் முதல் அடியிலேயே மூங்கில் போன்ற தோளும் வருகிறது. ஆனால் மூங்கில்தோளார் என்று அவருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. உன் நாவலில் எனக்குத் தெரிவது பூராவும் மூங்கில்தோள்தான்.

திட்டு முடிந்தது. அடுத்ததை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஏழாம் அத்தியாயத்தில் என் பென்சிலுக்கு வேலையே இல்லை, 'போல' ஒன்றுகூடக் கிடையாது. "அப்பாவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் சாயங்காலம் வரை கையிலேயே வைத்திருந்தேன்." இதற்கு என்ன அணி என்று ஐயா கேட்டால் நீ முழித்திருப்பாய், நானும்தான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது, அதில் முதலாவது உவமை அல்ல, தன்மை. உள்ளதை உள்ளபடி சொல்வது. அது எப்படி அணியாகும், சும்மா சொல்வதுதானே என்று பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க நாம் சண்டை போட்டோமே, நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வரியைப் படித்துவிட்டு அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை. உன் அப்பா போனபோது நான் வரவில்லை. மழை விடவில்லை என்று உன்னிடம் சொன்னேன். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் வரும்போது மதில்மேல் கொடி காற்றில்தான் ஆடியது, வராதே என்று கைகாட்டியதாகச் சொன்னவர் இளங்கோ. அன்றைய மழையும் தன்பாட்டுக்குத்தான் பெய்தது, என்னைத் தடுப்பதற்கென்றே பெய்ததாகக் கதை கட்டியவன் நான். பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பிரதி எட்டு மாதம் அலமாரியில் கிடந்ததற்கும் இதுதான் காரணம். இப்படி இயல்பாக நடப்பதன்மேல் தன் கற்பனையை ஏற்றிச் சொல்வதுதானே தற்குறிப்பேற்ற அணி, அதற்குப் பரீட்சையில் நீ எழுதிய அந்தப் பதிலுக்காக இத்தனை வருடமாக உன்னைக் கூப்பிட்டுவரும் பட்டத்தை இன்றோடு நானே எடுத்துக்கொள்கிறேன்.

பிரதியைத் தனியாக அனுப்புகிறேன். வட்டம் போட்டதில் பாதியையாவது வெட்டு. அந்தப் பாம்புப் பாதை கண்டிப்பாகப் போக வேண்டும், வாசுவிடம் யோசனை கேட்காதே, அவன் இன்னும் பத்து சேர்ப்பான். ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் கை வைக்காதே, ஒரு கமாவைக்கூட.

அந்தக் கண்ணாடியைக் கடைசியில் எங்கே வைத்தாய்? நாவலில் இல்லை.

உன்,
(புதிய) தற்குறி