வளையும் சோலார் பெனல்: கூரையில் ஒட்டினேன், வாடியில் கட்டினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்பெஸ்டஸ் கூரை வீடுகளுக்குப் பாரமில்லாத, வளையும் சோலார் பெனலே ஏற்றது என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையே ஒரு கடைக்காரர் சொன்னபோது நம்பி வாங்கியவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது. அந்தச் சூட்டோடுதான் 100 வாட் பெனல் இரண்டு வாங்கினேன். ஒன்றைக் குசினிக் கூரையில் ஒட்டினேன். மற்றது பட்டிருப்புப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ள எங்கள் வயல் வாடிக்கு, அதாவது காவல் குடிசைக்குப் போனது.

ஆசைப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே 100 வாட் கண்ணாடிப் பெனல் ஏழு கிலோ அளவில் வரும். இது இரண்டு கிலோ சொச்சம்தான். எங்கள் அஸ்பெஸ்டஸ் பழசு. ஆணி வரிசையில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். துளை போட்டால் வரும் தூசு உடம்புக்குக் கூடாது. இதற்குத் துளையும் வேண்டாம், கம்பிச் சட்டமும் வேண்டாம், சிலிக்கோன் பூசி ஒட்டினால் சரி. காற்றுப் பிடிக்காது என்பதும் எனக்குப் பெரிதாகப் பட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட வீட்டில் கூரைக்கு மேலே எதையாவது தூக்கி நிறுத்த மனம் வராது.

முதல் வருடம் குறையில்லை. இரண்டாம் வருடம் கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசுகிற மாதங்களில் பெனலின் நடுவில் கொப்புளம் மாதிரி எழும்பியது. பிறகு ஒரு மூலையில் பழுப்பாகக் கருகிய தடம். மீட்டர் பிடித்துப் பார்த்தால் உச்சி வெயிலிலும் பாதிக்குக் குறைவாகத்தான் கரண்ட் வந்தது. கடையில் கேட்டேன். வொரண்டி ஒரு வருடம்தானே, அது முடிந்துவிட்டது என்றார்கள். சரி, கழற்றிவிடுவோம் என்று ஏறினால் ஒட்டியது விடவில்லை. பெனலோடு சேர்ந்து அஸ்பெஸ்டஸ் சீட்டும் உடைந்தது. மாரி தொடங்க முன்னர் புதுச் சீட்டு வாங்கிப் போட்ட செலவு வேறு.

காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். 100 வாட் என்று எழுதியிருப்பது உள்ளே வெயிலைக் கரண்டாக்கும் கலங்கள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது எடுத்த கணக்கு. அதற்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கலம் 65 பாகைக்குப் போனால் 16 வாட் சூட்டிலேயே தொலைந்தது. கண்ணாடிப் பெனலுக்கும் இந்த விதிதான். ஆனால் அதைச் சட்டத்தில் உயர்த்தி வைப்பதால் அடியில் காற்று ஓடும். ஒட்டிய பெனலுக்கு மேலே வெயில், கீழே கொதிக்கிற சீட்டு. கரண்ட் குறைவதோடு நிற்காமல், அந்தச் சூட்டில் மேலே உள்ள பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகிறது. மலிவானவற்றில் போடுவது பெட் பிளாஸ்டிக், நம் தண்ணீர்ப் போத்தலின் இனம். அது சீக்கிரம் மஞ்சளித்துப்போகும். ஈ.டி.எஃப்.ஈ. என்ற மேலுறை போட்டது இன்னும் தாக்குப்பிடிக்கும், விலையும் கூட. நான் வாங்கியபோது இதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

‘வளையும்’ என்ற சொல்லும் ஆளை ஏமாற்றுகிறது. பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது கண்ணாடிப் பெனலில் இருக்கிற அதே சிலிக்கன் கலம்தான், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாதது, அப்பளம் மாதிரி. மெதுவாக வளைத்துப் பொருத்தலாம். பாய் மாதிரிச் சுருட்டினாலோ மேலே ஏறி மிதித்தாலோ கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும், கருகல் பிறகு அந்த இடத்தில்தான் தொடங்கும். உண்மையாகவே சுருட்டக்கூடிய மென்படலப் பெனலும் இருக்கிறது. ஆனால் அதே வாட்டுக்கு அதிக இடம் பிடிக்கும்.

இனி வாடிப் பெனலின் கதை. அதை ஒட்டவில்லை, மூலை ஓட்டைகளில் கயிறு போட்டுக் கிடுகுக்கு மேலே கம்புகளில் கட்டினேன். அடியில் நாலு விரல் இடைவெளி. அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பெரும்போகத்தில் கதிர் முற்றும் காலம் யானைக் காவலுக்கு இரண்டு பல்பும் ஒரு டோர்ச்சும் பகலில் அது சார்ஜ் பண்ணும் பெட்டரியில்தான் ஓடுகின்றன. யானை வெடியோடு வெளிச்சமும் இருந்தால் ஒரு தைரியம். அந்தக் கிடுகுக் கூரையில் கண்ணாடிப் பெனலை நினைத்தும் பார்க்க முடியாது. காவல் இல்லாத மாதங்களில் இது வீட்டுக்குள்ளே நிழலில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஆயுள் கூடியதில் அதற்கும் பங்கு உண்டு. காவல் காலம் முடிந்ததும் அவிழ்த்து சைக்கிளில் கொண்டுவந்துவிடுவேன். தூக்கிப்போக லேசு என்பது கள்ளனுக்கும் லேசுதானே.

கல்லடியில் தொழில் செய்யும் என் மச்சானும் படகுப் பந்தலில் இப்படித்தான் கட்டியிருக்கிறார். உப்புக் காற்றில் அரிக்க அலுமினியச் சட்டம் இல்லை. வயர் பூட்டும் இடத்தை மட்டும் அடிக்கடி துடைக்கிறார்.

ஆகவே படகு, வாடி, கூடாரம் என்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டுக் கூரையில் போட்டு மின்சார சபைக்கு யூனிட் கொடுக்க நினைப்பவருக்கு இது சரிவராது. அதற்குச் சபையோடு செய்யும் ஒப்பந்தம் 20 வருடம். கண்ணாடிப் பெனலின் மின் உற்பத்திக்கு 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். வளையும் பெனலுக்குச் சில வருடங்கள்தான், வாட் கணக்கில் விலையும் அதைவிடக் கூட. அஸ்பெஸ்டஸ் வீட்டுக்காரர் கூரையைத் தாங்கும் கைமரத்தின் பலத்தை ஒரு மேசனிடம் காட்டிக் கேட்டுவிட்டு, இல்லாவிட்டால் முற்றத்தில் நாலு தூண் நட்டு, கண்ணாடிப் பெனலையே போடுவது நல்லது. தென்னோலை நிழல் விழாத இடமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த கட்டுரையில் மேலுறை எது, வொரண்டி எத்தனை வருடம், ஒட்டுவதா கட்டுவதா என்ற மூன்றையாவது தங்கள் கட்டுரையாளர் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களுவாஞ்சிகுடி.