‘மூளை சுருங்கிவிடும்’ என்று எழுதியது பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிசோபிரினியா என்ற மனச்சிதைவு நோய் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. “இந்நோய் உள்ளவர்களின் மூளை சுருங்கிவிடும், ஸ்கான் எடுத்தால் தெளிவாகத் தெரிந்துவிடும்” என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் வெடிப்பு விழுந்த ஒரு தலையின் படம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைத் தவிர எங்கள் வீட்டுக்கு உங்கள் பத்திரிகைதான் வருகிறது, அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது. அவன் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் விடாமல் வாசிப்பவன். அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டி, “அக்கா, என்ர மூளை எவ்வளவு சுருங்கியிருக்கும்?” என்று கேட்டான். அழவில்லை, கோபப்படவும் இல்லை, அளவு தெரிய வேண்டும் என்பது போலக் கேட்டான். இப்படியானவர்களும் உங்கள் வாசகர்கள்தான் என்பது எழுதியவருக்கு நினைவில் வரவில்லையா? நோயாளியைப் பற்றி எழுதும்போது நோயாளி வாசிக்கமாட்டான் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அதனால் எனக்கு அந்த வரியில் இரண்டு மடங்கு கோபம். சராசரி என்பதை ஒரு தனி மனிதனின் தலையில் கொண்டுபோய் ஒட்டக் கூடாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுக்கிறோம். ஆய்வுகள் சொல்வது சராசரியை மட்டும்தான். 1976-இல் லண்டன் நோத்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜோன்ஸ்டன், டிம் குரோ ஆகியோர் நீண்டகாலம் நோயுற்றிருந்த 17 பேருக்கு சி.டி. ஸ்கான் எடுத்து, மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் குழிகள் மற்றவர்களை விடப் பெரிதாக இருக்கின்றன என்று கண்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த நோயை உடம்பிலும் தேடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. 2016-இல் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு ஆய்வு 2,028 நோயாளரையும் நோயில்லாத 2,540 பேரையும் ஒப்பிட்டது. ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சிறிது, குழிகள் சராசரியாகப் பெரிது. 2018-இல் அதே கூட்டு 4,474 நோயாளரைப் பார்த்து, மூளையின் மேற்பட்டை, முக்கியமாக நெற்றிப் பக்கத்திலும் காதுப் பக்கத்திலும், சராசரியாக மெல்லியது என்று சொன்னது. ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்த பிறகுதான் இது துலக்கமாகத் தெரிகிறது, ஏனென்றால் வேறுபாடு சிறியது, இரண்டு பக்கத்து அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. சராசரியாக ஆண்கள் பெண்களை விட உயரம், அதற்காக ஐந்தடி ஐந்தங்குலம் என்று மட்டும் சொன்னால் அது ஆணா பெண்ணா என்று உங்கள் கட்டுரையாளரால் சொல்ல முடியுமா?

1990-இல் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களில் ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 15 சோடிகளைப் பார்த்தார்கள். நோயுள்ளவரின் ஹிப்போகாம்பஸ் அநேகமாக எல்லாச் சோடியிலும் மற்றவருடையதை விடச் சிறிதாக இருந்தது. கூடப் பிறந்தவரின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. என் தம்பிக்கு இரட்டை கிடையாது. எந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்து எவர் பார்க்கப் போகிறார்?

‘சுருங்கிவிடும்’ என்றால் காய்ந்து செத்துப்போகிறது என்றுதான் வாசிக்கிறவர்களுக்கு விளங்கும். இறந்தவர்களின் மூளையை நுண்காட்டியில் பார்த்தவர்கள், நரம்புக் கலங்கள் கூட்டமாகச் செத்ததற்கான தடயத்தைப் பெரிதாகக் காணவில்லை. கலங்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் குறைந்திருப்பதாகத்தான் சொல்கிறார்கள். பருவ வயதில் எல்லோருடைய மூளையும் வேண்டாத இணைப்புகளைக் களையும், இந்த நோயில் அது அளவுக்கு மீறி நடக்கலாம் என்று 1982-இல் பெயின்பேர்க் என்பவர் எழுதினார். இணைப்புகளைக் களைவதில் பங்குள்ள சி4 என்ற மரபணு பற்றி 2016-இல் வந்த ஆய்வு அந்தக் கருத்துக்குப் பலம் சேர்த்தது. பதினெட்டு, இருபது வயதில் நல்லாய் இருந்த பிள்ளைக்கு ஏன் திடீரென்று இப்படி என்று கேட்கிற எத்தனையோ தாய்மாருக்கு இது ஒரு பதிலின் தொடக்கமாவது ஆகியிருக்கும். அரைப் பக்கத்தில் இதற்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

சரி, “ஸ்கானில் தெரிந்துவிடும்” என்பதற்கு வருகிறேன். இது எங்கள் வீட்டில் நடந்தது. தம்பிக்கு உயர்தரம் எடுக்கும் வயதில், 2013-இல், காதில் குரல் கேட்கத் தொடங்கியது. கிளினிக்கில் பார்த்துக் குளிசை தொடங்கி, நித்திரையும் வந்து, ஆளும் தெளிந்துகொண்டு வந்தான். அப்போது எங்கள் மாமா ஒருவர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, மூளையை ஸ்கான் எடுக்க வேண்டும் என்று நின்றார். அம்மாவின் காப்பை அடகு வைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிலையத்தில் எடுத்தார்கள். ரிப்போட்டில் ‘நோர்மல்’. படத்தைக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. மாமா ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார், மூளையில் ஒன்றுமில்லை, அப்ப இது செய்வினைதான், குளிசையை நிப்பாட்டுங்கோ என்று. நூல் கட்டினார்கள், தேசிக்காய் வெட்டினார்கள். குளிசை நின்று கொஞ்சக் காலத்தில் தம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஏ9 வீதியால் வெறுங்காலோடு நடந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கிடந்தவனைக் கச்சான் கடை அம்மாமார்தான் சோறு கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தாய்மாருக்கு எந்த ஆய்வும் தெரியாது, பிள்ளைக்குச் சுகமில்லை என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஸ்கான் எடுப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. கட்டி, இரத்தக் கசிவு, வலிப்பு என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வைத்தியர் கேட்டால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சிசோபிரினியா இருக்கிறதா இல்லையா என்று அந்தப் படம் சொல்லாது. அதை ஆளோடு இருந்து கதைத்து, வீட்டாரைக் கேட்டு, மாதக் கணக்கில் கவனித்துத்தான் சொல்கிறார்கள். உங்கள் வரியை நம்பி இன்னொரு வீட்டில் ஸ்கான் எடுத்து, ‘நோர்மல்’ என்று வந்து, குளிசையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? மருந்துகளாலும் மூளையின் கன அளவு கொஞ்சம் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்வதும் எனக்குத் தெரியும், அதை மறைக்கச் சொல்லவில்லை. அதையும் வைத்தியரோடு கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எழுதத் தொடங்கியபடியால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வன்னி என்றால் உங்கள் பத்திரிகைக்கு எல்லா மனநோயும் ஷெல்லடியிலிருந்துதான் வருகிறது. பட்டதை நாங்கள் மறக்கவில்லை, அது உடம்பையும் மனதையும் வாட்டியது உண்மை, இந்த நோய்க்கும் அப்படியான துன்பங்கள் ஒரு தூண்டுதலாகலாம். ஆனால் செட்டிகுளம் முகாமில் தம்பியோடு ஒரே கூடாரத்தில் படுத்தெழும்பிய பிள்ளைகளுக்கு இது வரவில்லை, ஒரு வெடிச் சத்தமும் கேட்காத நாடுகளிலும் இது வருகிறது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லாவற்றையும் யுத்தக் கணக்கில் எழுதிவிட்டால் கிளினிக்குக்கு ஏன் வைத்தியர் போதாது, பஸ் இல்லாத கிராமத்துப் பிள்ளை ஊசி நாளுக்கு எப்படி வந்து சேரும் என்ற கேள்விகளை நீங்கள் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. அப்புறம், எங்காவது கத்திக்குத்து நடந்தால் விசாரணைக்கு முன்னமே ‘மனநோயாளி வெறியாட்டம்’ என்று தலைப்பு. இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதினேன், பிரசுரிக்கவில்லை. இடம் இருந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வாரம் இராசிபலனுக்கு முழுப் பக்கம் இருந்தது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அதே மருத்துவப் பக்கத்தில், வாசிக்கக்கூடிய எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: சிசோபிரினியாவை மூளை ஸ்கானால் உறுதிப்படுத்த முடியாது, ஸ்கான் நோர்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமும் இல்லை, வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தக் கூடாது. அதன்கீழ் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் போட்டால் நல்லது. வெடித்த தலைப் படத்தை இனிமேல் பாவிக்காதீர்கள்.

கடிதத்தை வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் என் பெயரைப் போட வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். வீட்டில் கலியாணம் பேசுகிற பிள்ளை ஒன்று இருக்கிறாள், போன ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு பகுதி பதில் சொல்லாமல் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாங்குளம்.