வன்னி ஹாட்வெயார் முதலாளிமாருக்கு: கட்டிபட்ட பைப் கம்மை விற்காதீர்கள்

அன்புள்ள முதலாளிமாருக்கு,

வவுனியா, மாங்குளம், பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வன்னி முழுக்கக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு, பைப் வேலை செய்யும் ஒருவன் எழுதுகிறேன். பேணிக்குள் இறுகிப்போன பிவிசி கம்மை, அதாவது பைப் ஒட்டும் பசையை, தயவுசெய்து விற்காதீர்கள்.

பிவிசியைக் கரைக்கக்கூடிய டெட்ராஹைட்ரோபியூரான், மெதில் எதில் கீட்டோன் போன்ற திரவங்களில் கொஞ்சம் பிவிசியையே கரைத்துத்தான் இந்தக் கம்மைச் செய்கிறார்கள். பூசியதும் பைப்பின் மேல்தோலும், அதைச் செருகுகிற சொக்கற்றின் உள்தோலும் இளகிக் கலக்கும். திரவம் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். அந்தத் திரவம் பேணியிலேயே பறந்துவிட்டால் தோல் எப்படி இளகும்? வெளியில் பார்க்க ஒட்டினது போலத்தான் இருக்கும். மோட்டர் போட்டு அமுக்கம் ஏறும்போது மூட்டு கழன்றுவிடும். ஆவணி வெயிலில் கிணறு அடி தெரிகிற நேரம், தாங்கியில் ஏற்றிய தண்ணீர் இரவோடிரவாக ஒழுகிப் போனால் அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? தோட்டத்துக்குள் புதைத்த பைப் என்றால் திரும்பவும் கிண்ட வேண்டும்.

நல்ல கம் குச்சியால் தூக்கினால் பனம்பாணி மாதிரி வழியும். கட்டி கட்டியாக விழுந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. சில கடைகளில் கம்மோடு தின்னர் போத்தலையும் தந்து, “கொஞ்சம் விட்டுக் கலக்குங்கோ, சரிவரும்” என்கிறார்கள். சரிவராது. பார்க்க இளகும், ஆனால் மூட்டுக்குப் பழைய பலம் வராது. தின்னர் கலக்க வேண்டாமென்று கம் செய்கிறவர்களே சொல்கிறார்கள்.

திறக்காத பேணி பொதுவாக 2 முதல் 3 வருடம் தாங்கும், அதுவும் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால். தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில், அல்லது வெயில் விழுகிற முன்வாசலில் வைத்தால் அதற்கு முன்பே கெட்டுவிடும். ஆகவே கீழ்த்தட்டில், நிழலில் வையுங்கள். திகதி பார்த்து முந்தி வந்ததை முந்தி விற்றுவிடுங்கள்.

இன்னொன்று, நெருப்பு. டெட்ராஹைட்ரோபியூரானின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே, கிட்டத்தட்ட -14 பாகை செல்சியஸிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். காற்றை விடப் பாரமானபடியால் நிலத்தோடு பரவும். கடைக்குப் பின்னால் வெல்டிங் நடக்கிற இடங்களை நினைக்கத்தான் எனக்குப் பயம். அங்கே கம் பேணியை அடுக்க வேண்டாம். கெட்டதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்காரர் இரண்டு மூட்டுக்காகப் பெரிய பேணி வாங்கி, மிச்சத்தை அடுப்படிப் பரணில் வைத்து, அடுத்த வருடம் அதையே எங்களிடம் நீட்டுகிறார். கடையில் சின்னது இல்லாததுதான் காரணம். அடுத்த முறை கம்பெனி வான் வரும்போது பெரியதைக் குறைத்து, சின்னப் பேணியையும் ரியூப்பையும் கூட்டி இறக்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக உங்களிடமே வாங்குவோம்.

இப்படிக்கு,
பைப் வேலை செய்யும் ஒருவன்